இலட்சத்துக்குப் போதாத சுவர்

I

இந்தக் கதை ஒரு கணக்கிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருடைய வீட்டுக் கண்ணீரையோ எடுத்து எழுதினேன் என்று பிறகு ஒருவரும் நினைக்கக் கூடாது.

எங்கள் கோயில் பங்கின் யூபிலி மலரில் சிறுவர் பகுதிக்கு ஒரு பக்கம் குறைந்தது. பெரிய எண்களை உரோம இலக்கத்தில் எழுதுவது எப்படி என்று சின்னக் கட்டுரை ஒன்று தரச் சொன்னார்கள். எழுதத் தொடங்கினேன். I என்றால் ஒன்று, V ஐந்து, X பத்து, L ஐம்பது, C நூறு, D ஐந்நூறு, M ஆயிரம். இவற்றை வைத்து நாலாயிரத்துக்கு ஒன்று குறையும் வரை எழுதலாம். அதற்கு மேல் எழுத்துப் போதாது. அப்போது எழுத்தின் தலைக்கு மேல் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு விழுந்த எண் ஆயிரம் மடங்காகிவிடும். X இன் மேல் இழுத்தால் பதினாயிரம். C இன் மேல் இழுத்தால் இலட்சம்.

உதாரணம் ஒன்று வேண்டுமே என்று இப்படி எழுதினேன்: "யூலிற்றா ஓர் இலட்சம் செபம் சொல்வதாக நேர்ந்தாள். அதை உரோம இலக்கத்தில் எழுதுக."

எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து வாசித்தபோது பயம் பிடித்தது. கணக்கில் வருகிற ஆட்களிடம் நாங்கள் ஒன்றும் விசாரிப்பதில்லை. ஒருவர் பத்து மாம்பழம் வாங்குவார். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்க மாட்டோம். ஆனால் ஓர் இலட்சம் செபம். என்ன நடந்தால் ஒரு பெண் இலட்சத்துக்கு நேருவாள்?

[அந்தப் பக்கத்தில் கடைசியில் வேறொருவருடைய விடுகதைகளைப் போட்டார்கள். நல்ல விடுகதைகள்.]

II

முதல் வரி இரண்டு தரம் பிழையாகப் போனது.

"அன்று பின்னேரம் கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது, ஆனால்—" இல்லை. கடலைக் குற்றவாளியாக நிறுத்தித் தொடங்குகிற கதைகள் போதும். அந்தக் கரைக்குச் சோறு போடுவதும் அதுதான்.

"யூலிற்றாவின் மகன் டினோஜன் காணாமற்போய்—" இந்தச் சொல்லைப் போர் நடந்த வன்னியில் ஒரு வரிக்கு நடுவே சும்மா வைத்துவிட முடியாது. வாசிக்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆளைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். என் கதைக்குத் திரும்பி வரமாட்டார்கள். ஆகவே, வரவில்லை என்று எழுதுகிறேன். யூலிற்றாவும் அப்படித்தான் சொல்கிறாள். "இன்னும் வரேல்ல."

சுவரிலிருந்து தொடங்குவோம்.

III

முல்லைத்தீவுக் கரையில், பேர் சொல்லத் தேவையில்லாத ஒரு மீனவர் குடியிருப்பில், சின்னதாக ஓர் அந்தோனியார் கோயில். உள்ளே சிலுவைப்பாதைப் படங்கள் பதினாலு. ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்வது முதற்படம். அவரைக் கல்லறையில் வைப்பது கடைசிப் படம். ஒவ்வொன்றின் கீழும் உரோம இலக்கம் எழுதியிருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகள் உரோம இலக்கம் படித்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், முழந்தாளில் நின்று, அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அதனால் I, V, X மூன்றும் ஊருக்கே தெரியும். L, C, D, M ஒருவருக்கும் தெரியாது. அவர்களுடைய எண்கள் XIV இல், கல்லறையோடு, முடிந்துவிடுகின்றன.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. நேர்த்திச் செபத்தின் கணக்கைச் சாதாரண இலக்கத்தில் எழுதமாட்டார்கள். மீன் நிறுக்கிற இலக்கத்தில் மாதாவுக்கு எழுதக் கூடாது என்பார்கள். கோயிலின் வெளிச்சுவரில், வெள்ளையடித்த பக்கத்தில், கரியால், கோயில் எழுத்தில் எழுதுவார்கள். செபமாலையில் பத்து மணி சொல்லி முடித்தால் சுவரில் ஒரு X. நேர்த்தி நிறைவேறியதும் சுவருக்குத் திரும்ப வெள்ளையடிப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பெண்ணுக்குப் பேறு, பெடியனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்று வருகிற நேர்த்திகள் நூறு, இருநூறு. ஒரு வரிசை X ஓடு அடங்கிவிடும்.

யூலிற்றா இலட்சத்துக்கு நேர்ந்தபோது, அதற்கு எத்தனை X போடவேண்டும் என்று யோசிக்கவில்லை.

[பதினாயிரம். கணக்குப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை மூடி வைத்திருந்தேன்.]

IV

படகில் போனவர்கள் இரண்டு பேர்.

டினோஜன் யூலிற்றாவின் ஒரே மகன். மற்றவன் சாருஜன், ஜெயபுரத்துப் பெடியன். அவனுடைய ஆட்கள் ஒரு காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர்கள். வெள்ளம் வயலை அள்ளிய வருடம் கடல் வேலை தேடி வந்தான். யூலிற்றாவின் விறாந்தையில் படுத்து, அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி ஆகிவிட்டான். நீச்சல் தெரியாது. அதற்கு யூலிற்றா ஏசினால் சிரிப்பான். "நான் கடலுக்குப் போறது மீன் பிடிக்க அன்ரி, குளிக்க இல்ல."

[யூலிற்றாவின் கணவர் போரில் இறந்தார் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்தேன். இந்த மண்ணில் நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தாலும் ஆட்கள் சாகிறார்கள். அவர் அப்படித்தான் செத்தார்.]

பின்னேரம் ஒற்றை எஞ்சின் படகில் வலையோடு போனவர்கள் விடியற்காலை திரும்பவில்லை. சோளகக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காலம். எஞ்சின் நின்றுபோனால் படகை அது வெளியே வெளியே கொண்டுபோகும். ஊர்ப் படகுகள் தேடின. கடற்படை தேடியது. தேடப் போனவர்களின் படகில் எண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம்.

யூலிற்றா கோயிலில் மாதாவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "மாதாவே, லட்சம் சொல்லுறன். டினோஜனைத் தா."

ஒரு பேர்தான் சொன்னாள். அந்த நேரம் அவளுக்கு வேறு பேர் நினைவில் வரவில்லை.

V

சாருஜனின் தாய் தங்கம்மா ஜெயபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினாள். பைக்குள் மகன் போடுகிற சேட் ஒன்றும் வற்றாப்பளை அம்மன் கோயில் திருநீறும் இருந்தன. யூலிற்றா அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் இருத்தினாள். அதன் பிறகு குசினி தங்கம்மாவின் கைக்குப் போனது. யூலிற்றாவுக்குச் சமைக்க நேரமில்லை. அவள் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோயில் மூப்பர் பஸ்தியாம்பிள்ளைதான் சுவரில் X போடுகிறவர். பின்னேரம் எல்லோரும் தங்கள் பத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கம்மாவும் முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, நானும் காலையிலருந்து அம்மன் பேரைச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். அதையும் போடுறீங்களா?"

பஸ்தியாம்பிள்ளை கரியை விரல்களுக்கிடையில் உருட்டினார். "தங்கச்சி, இது மாதாவின்ர கணக்கு. உங்கட அம்மாளாச்சிக்கு வற்றாப்பளையில இதைவிடப் பெரிய சுவர் இருக்குத்தானே."

பகிடியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், தங்கம்மாவும் சிரித்தாள். "அதுவும் சரிதாங்க" என்று பின்னுக்கு நகர்ந்தாள்.

யூலிற்றா பக்கத்தில் நின்றாள். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மன் பேரைக் கலந்தால் நேர்த்தி பழுதாகிவிடுமோ என்று பயந்தாள்.

மறுநாள் பஸ்தியாம்பிள்ளையின் கரி தேய்ந்துபோனது. தங்கம்மா அடுப்பிலிருந்து, பிடிக்க வாகாக நீளமாக எரிந்த பூவரசங் கரிகளாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்து சுவரடியில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தச் சுவரில் விழுந்த ஒவ்வொரு X உம் அவள் எரித்த கரி.

VI

ஊர் முழுக்கச் சொன்னது. கிழிந்த வலை பொத்துகிற பெண்கள் ஊசி ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று சொன்னார்கள். மீன் லொறிக்கு ஐஸ் உடைக்கிறவர்கள் உடைத்துக்கொண்டே சொன்னார்கள். கணக்குக் கொடுக்க வருகிற ஒருவரையும் பஸ்தியாம்பிள்ளை பகிடி விடாமல் அனுப்பமாட்டார்.

"எனக்கு அஞ்சு பத்து அண்ணை."

"எப்ப சொன்னனி? இப்பதானே சந்தையால வாறாய்."

"பஸ்ஸில சொன்னனான்."

"புதுக்குடியிருப்பு பஸ்ஸிலயோ? அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள்ள மாதாவுக்கு என்னெண்டு கேட்டிருக்கும். நாலு போடுறன்."

யூலிற்றாவிடம் மட்டும் அவர் பகிடி விடுவது குறைவு. அவளுடைய உதடுகள் நிற்பதே இல்லை. சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழும்.

"ஆறுதலாச் சொல்லு பிள்ளை. உன்ர வேகத்துக்கு மாதாவுக்கு மூச்சு வாங்கப் போகுது."

"நான் நிப்பாட்டினால் அண்ணை, அங்க—"

அவள் அதை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. ஆனால் அவள் மனதில் ஓடியது இதுதான்: ஒவ்வொரு செபமும் படகுக்கு அடியில் ஒரு கை. வாய் ஓயும் நேரம் கை எடுபடும். தண்ணீர் குடிக்கும்போது கூட, விழுங்குகிற அந்த ஒரு கணம், படகு ஒரு விரற்கடை தாழுமோ என்று பயந்தாள்.

VII

[இந்தப் பகுதியை எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்று விடுகிறேன்.]

எனக்கு L, C, M தெரியுமே. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பு எடுக்கிற கௌசலா என்ற கணித ஆசிரியையை ஒரு பாத்திரமாக்கி, பஸ்ஸில் ஏற்றி, கோயிலடியில் இறக்கினேன்.

"இஞ்ச பாருங்கோ அம்மா, ஐம்பதுக்கு L. நூறுக்கு C. இந்தச் சுவர் முழுக்க எழுதத் தேவையில்ல. ஒரு வரியில அடங்கும்."

"ஒரு வரியிலயோ?"

"லட்சம் முடிஞ்சால் அதுவும் இல்ல. ஒரேயொரு எழுத்து, அதுக்கு மேல ஒரு கோடு."

யூலிற்றா சுவரைப் பார்த்தாள். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். "அப்ப ஊர் முழுக்க வாய் காயச் சொன்னதெல்லாம் ஒரு எழுத்துத்தானோ, ரீச்சர்?"

கௌசலாவை அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். நல்ல பிள்ளை, வேறு கதையில் இடம் கொடுப்பேன்.

ஆகவே, தலைக்கு மேல் இழுக்கிற கோட்டைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

VIII

ஒரு நாள் உச்சி வெயிலில் யூலிற்றா கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தூரத்தில் கோயில் சுவர். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. வரிசை வரிசையாக, கறுப்பாக, கொஞ்சம் சரிந்த சிலுவைகள்.

வாளி கையிலிருந்து நழுவியது. சேமக்காலையைத்தான் அவள் பார்த்தாள். கணவரைப் புதைத்த சேமக்காலையில், மாரி மழைக்கு மண் இளகினால் மரச் சிலுவைகள் இப்படித்தான் சரிந்து நிற்கும். பிள்ளை உயிரோடு வரவேண்டும் என்று சொன்ன ஒவ்வொரு பத்தும் அங்கே ஒரு குழியாகப் போய் இருந்துவிட்டதோ? யார் அதைத் தோண்டியது? அவள்தான். வேகமாக, மூச்சு வாங்காமல், அவளே தோண்டியிருந்தாள்.

நிறுத்தினால் படகு தாழும். தொடர்ந்தால் சேமக்காலை வளரும். ஈர மணலில் அப்படியே குந்திவிட்டாள்.

அன்று பின்னேரம் பஸ்தியாம்பிள்ளை கேட்டார். "உனக்கு எத்தனை போட?"

"இண்டைக்குச் சொல்லேல்ல அண்ணை."

பொய். சொல்லியிருந்தாள். சுவருக்குக் கொடுக்கப் பயந்து மடிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

[இந்தக் கதையின் பகுதிகளுக்கும் உரோம இலக்கம் போட்டுக்கொண்டு வருகிறேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். கை பழக்கத்தில் போட்டது. இன்னும் ஆறு பகுதி போனால் XIV. அங்கே என்ன படம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் பயமாக இருக்கிறது. இலக்கத்தை மாற்றலாம்தான். ஆனால் யூலிற்றாவைச் சுவருக்கு முன்னால் விட்டுவிட்டு நான் மட்டும் தப்பி ஓடுவது சரியில்லை.]

IX

தங்கம்மாதான் கண்டுபிடித்தாள். யூலிற்றா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை.

"என்னக்கா, சுவத்தப் பாக்காம வந்துட்டீங்க இன்னைக்கு?"

யூலிற்றா சொன்னாள். சிலுவைகளைச் சொன்னாள், சேமக்காலையைச் சொன்னாள். ஒளித்து வைத்ததையும் சொன்னாள்.

தங்கம்மா சோற்றுச் சட்டியை மூடி வைத்தாள். "எனக்கு அப்பிடித் தெரியலக்கா. எங்க வயலுக்கு யானை வரும். காட்டுத் தடிய வெட்டி, குறுக்குக்குக் குறுக்கு வச்சுக் கட்டி வேலி போடுவோம். தூரத்துல நின்னு பாத்தா இதே மாதிரித்தான் இருக்கும்."

"தடி வேலிக்கு யானை நிக்குமோ?"

"நினைச்சா ஒரு தள்ளுல போயிரும். ஆனா சில நாள் வந்து, நின்னு பாத்துட்டு, திரும்பிப் போயிரும்."

"சில நாளோ?"

"சில நாள்தாங்க."

எல்லா நாளும் என்று சொல்லியிருக்கலாம். தங்கம்மா அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் யூலிற்றாவுக்கு ஒரு வாய் சோறு இறங்கியது என்று நினைக்கிறேன். விடிந்ததும் ஒளித்து வைத்த பத்துகளைக் கொண்டுபோய்ப் பஸ்தியாம்பிள்ளையிடம் கொடுத்தாள்.

X

செய்தி பகலில் வந்தது.

பஸ்தியாம்பிள்ளையின் பொத்தான் போனுக்குக் கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து அழைத்தார்கள். வடக்கே, இந்தியப் பக்கத்தில், ஆழ்கடலில் நின்ற ஒரு படகில் இருந்தவர்கள் டினோஜனும் சாருஜனும் போன படகைக் கண்டிருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் அறிவித்திருக்கிறார்கள். பேச்சு விட்டுவிட்டுத்தான் வந்ததாம்.

பஸ்தியாம்பிள்ளை போனைக் கையில் பிடித்தபடி யூலிற்றாவின் முற்றத்துக்கு வந்தார். நடையிலேயே தெரிந்தது. இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"படகு கிடைச்சிட்டுதாம்."

பஸ்தியாம்பிள்ளை போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அதுக்குள்ள ஒரு பெடியன் உயிரோட இருக்கிறானாம்."

"ஒரு பெடியனோ?" என்று கேட்டது யார் என்று பஸ்தியாம்பிள்ளைக்கே தெரியாது. இரண்டு பேரும் கேட்டிருக்கலாம்.

"ஒருத்தன்தான் பிள்ளையள். கதைக்கிற நிலையில இல்லையாம். கண் முழிச்சதும் பேர் கேட்டு அறிவிப்பினம். இந்த நம்பருக்குத்தான் வரும்."

போனைக் கொண்டுபோய்க் கோயில் விறாந்தையில், ஒரு கதிரையின் மேல் வைத்தார். அங்கேதான் சிக்னல் ஒழுங்காக இருக்கும். இரண்டு தாய்மாரும் அந்தக் கதிரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிலத்தில் இருந்தார்கள்.

XI

யூலிற்றா கணக்குப் பார்க்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை.

டினோஜனுக்கு நீச்சல் தெரியும். மற்றவனுக்குத் தெரியாது. அப்படியென்றால் இருக்கிறவன் டினோஜன். மனம் ஒரு கணம் எழுந்து நின்றது. பக்கத்தில் தங்கம்மா மகனின் சேட்டை மடித்து, பிரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். யூலிற்றா முகத்தைத் திருப்பினாள்.

பிறகு இரண்டாவது கணக்கு வந்தது. அது முதலாவதைவிடப் பயங்கரம். படகில் ஒரு போத்தில் தண்ணீர்தான் மிஞ்சியிருந்தால், டினோஜன் என்ன செய்திருப்பான்? அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுத்த பாண் துண்டை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டுப் பசியோடு வருகிற பிள்ளை அவன். அவள்தான் அப்படிப் பழக்கினாள். "பகிர்ந்து தின்னு, ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னது இந்த வாய்தான். நல்லவனாக வளர்த்தே பிள்ளையைக் கொன்றுவிட்டேனோ?

[சின்னச் சின்ன இரக்கங்களை நம்பி எழுதுகிறவன் நான். என் கதையில் ஒரு தாய் இரக்கத்துக்கே பயப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் இருக்க மட்டும் முடிகிறது.]

செபம் சொல்ல வாயெடுத்தாள். என்னவென்று சொல்வது? டினோஜனைத் தா என்று கேட்டால், சாருஜனை எடு என்றல்லவா பொருள். அந்தப் பேரை ஒதுக்கிக் கேட்டதுபோலல்லவா இவ்வளவு நாளும் இலட்சம் ஓடியிருக்கிறது. சுவரில் பாதிக்கு மேல் நிற்கிற X எல்லாம் ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்கின்றன. மற்றப் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கீறுகூட இல்லை.

அத்தனை நாளில் முதற்தடவையாக அவளுடைய உதடுகள் நின்றன.

XII

அந்த அமைதியில் வேறொரு குரல் மெல்ல எழுந்தது.

"அருள் நிறைந்த மரியே..."

தங்கம்மா. ஒவ்வொரு சொல்லாக, இருட்டில் படி இறங்குகிற மாதிரி, தடவித் தடவிச் சொன்னாள். நடுவில் ஒரு வரி விட்டுப்போனது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். முடிவில் சொன்னாள்: "டினோஜன் தம்பிக்காக."

யூலிற்றா அவளைப் பார்த்தாள். "எப்ப பாடமாக்கினனீர்?"

"சமைக்கையில கேட்டுக்கேட்டு வந்ததுதான். இன்னும் சரியா வரலக்கா." தங்கம்மா சேட்டை மடியில் வைத்தாள். "எம் புள்ளைக்கு அம்மன்கிட்டக் கேட்டாச்சு. உங்க புள்ளைக்கு உங்க மாதாகிட்டத்தானே கேக்கணும். சுவத்துல போடணும்னு சொல்லல. சும்மா சொன்னேன்."

யூலிற்றா எழுந்தாள். விறாந்தையில் இருந்த இன்னொரு கதிரையை இழுத்துக்கொண்டு வெளியே, வெயிலுக்குள், சுவரடிக்குப் போனாள். சிரட்டையிலிருந்து நீளமான கரி ஒன்றை எடுத்தாள். கதிரையில் ஏறினாள். சுவரின் இடப்பக்க மூலையில், எல்லா X களுக்கும் மேலே, கரியை வைத்து இழுக்கத் தொடங்கினாள்.

பஸ்தியாம்பிள்ளை ஓடிவந்தார். "என்ன பிள்ளை செய்யிறாய்? இன்னும் லட்சம் ஆகேல்லையே."

"ஆகாட்டிப் பரவாயில்ல அண்ணை."

"நேர்த்தி பழுதாப் போகுமெல்லோ."

"நான் ஒரு பேர் சொல்லி நேர்ந்தனான். அதுதான் பழுது." கை எட்டியவரை கோடு வந்து நின்றது. "இதுக்குக் கீழ இருக்கிறது அவ்வளவும் ரெண்டு பேருக்கும். இனி எண்ண வேண்டாம். தங்கம், கதிரையை அரக்கி விடும்."

தங்கம்மா அவளை இறக்கி, கதிரையைத் தள்ளி வைத்து, திரும்ப ஏற்றி, கால்களைப் பிடித்துக்கொண்டாள். கோடு இன்னொரு கையளவு போனது. திரும்ப இறக்கினாள், தள்ளினாள், ஏற்றினாள். பஸ்தியாம்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையின் மற்றப் பக்கத்தைத் தானும் பிடித்தார். வெயில் சுட்டது. கோடு நேராக வரவில்லை. கடல்மேல் படகு போன தடம் மாதிரி ஏறி இறங்கி, சுவரின் வலப்பக்க மூலையில் போய் முடிந்தது.

கரி தீர்ந்துவிட்டது.

அவள் அதை ஒரு கூரையாக நினைத்தாளோ, வேலியின் மேற்கம்பாக நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. எண்ணுவதை நிறுத்தத்தான் இழுத்தாள். ஓர் எண்ணின் தலைக்கு மேல் விழுகிற கோடு அதை என்ன செய்யும் என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

XIII

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

போன் அடித்தது. பஸ்தியாம்பிள்ளை எடுத்தார். "டினோஜன்" என்றார். யூலிற்றா கத்தப் போனவள், பக்கத்தில் மடித்த சேட்டைக் கண்டு— இல்லை. எழுத முடியவில்லை.

போன் அடித்தது. "சாருஜன்" என்றார். தங்கம்மா யூலிற்றாவின் கால்களில் விழுந்து— இதுவும் இல்லை. நல்லவன் செத்தால்தான் கதை உருக்கமாக இருக்கும் என்று எனக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள். யூலிற்றாவின் இரண்டாவது கணக்கைச் சரியென்று நிறுவ நான் ஆயத்தமில்லை.

படகின் முன் அணியத்தில், வலைக் குவியலுக்கு அடியில், இன்னொருவன் மூச்சோடு கிடந்தான். முதலில் ஒருவரும் காணவில்லை— இதைத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன். விரும்பி விரும்பி வாசித்தேன். ஆண்டவர் நினைத்தால் நடக்கும். ஆனால் அதை நடத்துகிற கை அவருடையது. என்னுடைய கையை அதற்குள் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது.

[சங்கத்திலிருந்து வந்த செய்தியில் "ஒருத்தன்தான்" என்று சொன்னார்கள். பேச்சு விட்டுவிட்டு வந்தது என்றும் சொன்னார்கள். இரண்டையும் நான்தான் எழுதினேன். ஏன் இரண்டாவதை எழுதினேன் என்று இப்போது விளங்குகிறது.]

XIV

போன் அடிக்கிறது.

இது எந்த முடிவிலும் சேராத அழைப்பு. கதிரையின் மேல் கிடந்து, அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்கிறது. பஸ்தியாம்பிள்ளை நிற்கிறார், கை நீளவில்லை. யூலிற்றாவும் தங்கம்மாவும் சுவரடியிலிருந்து வந்துவிட்டார்கள். ஒருத்தியின் கை மற்றவளின் கைக்குள் இருக்கிறது. எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை, அவ்வளவு கரி.

"எடுங்கோ அண்ணை" என்கிறாள் யூலிற்றா.

"கொஞ்சம் பொறுங்க" என்கிறாள் தங்கம்மா. கண்ணை மூடி ஏதோ சொல்கிறாள். எந்தத் தாயை அழைக்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு கண்ணைத் திறக்கிறாள். "சரி. எடுங்க."

பதினாலாம் படத்துக்கு வந்துவிட்டேன். கல்லைக் கல்லறை வாசலுக்கு உருட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகிற இடம். நான் உருட்ட மாட்டேன்.

XV

சில கோயில்களில் பதினைந்தாவது படம் ஒன்றும் இருக்கும், ஆண்டவர் உயிர்த்தெழுவது. இந்தக் கோயிலில் இல்லை. அந்த இடத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது.

போனை நீங்கள் எடுங்கள். மறுபக்கத்தில் ஒரு பேர் சொல்வார்கள், ஒன்றோ, இரண்டோ. கேட்டதும் உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு முகங்களும் உங்களுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து முதலில் நின்றுகொள்ளுங்கள்.

பிறகு சொல்லுங்கள்.